அக்கா படித்துக்கொண்ட எழுத்து

நிச்சயதார்த்தத்துக்கு நைனா, அம்மா, அக்கா, நான், பாகாலாவிலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர், நகரியில் எங்கள் தெருக்காரர்கள் என்று எல்லாரும் இருந்தோம். மாப்பிள்ளை இல்லை. எல்லையில் சண்டை, ராணுவத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். அவர் போட்டோவை வைத்துத் தட்டு மாற்றினோம். "எதிர்த்துப் பேசாத மாப்பிள்ள, குடுத்து வெச்சவடி நீ" என்று பக்கத்து வீட்டு அத்தை அக்காவைச் சீண்டினாள்.

அக்காவுக்குத் திருப்பதியில் புடவைக் கடையில் வேலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லீவில் தன் அம்மாவுக்குப் புடவை எடுக்க வந்த மாப்பிள்ளையிடம், "இது அந்த வெலைக்குப் போவாதுங்க, நாங்க நெய்யறவங்க" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். முதலாளி காதில் விழுந்திருந்தால் வேலை போயிருக்கும். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் தெலுங்கில் பேசுவார், இவள் தமிழில் பதில் சொல்வாள். ஆந்திராவில் தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் பக்கம் அதில் யாருக்கும் சிரமமில்லை. எழுத்துதான் தகராறு. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அஞ்சாவதோடு தறிக்குப் போன அக்காவுக்கு அதைத் தவிர வேறு தெரியாது. அதனால் அவர்கள் காதல் முழுக்கப் போனில் குரலாகவே நடந்தது.

சண்டை நின்றது. உயிரோடு வந்தார். பக்கத்தில் விழுந்த குண்டில் இரண்டு காதும் போயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் தெலுங்கில் எழுதி அனுப்பினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். படித்துச் சொல்வது என் வேலையானது. போனே தமிழில் மாற்றிச் சொல்லும் என்று காட்டினேன். கேட்டுவிட்டு, தாசில்தார் ஆபீசு நோட்டீசு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். முத்தம் வரும் இடத்தில் நான் இருமுவேன். அவள் சுவரைப் பார்ப்பாள்.

ஒரு நாள் நீளமாக ஒன்று வந்தது. செவிட்டு ஆளோடு நீ கஷ்டப்பட வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். அதை மறைத்து, நல்லா இருக்காராம், சாப்பிட்டாராம் என்றேன்.

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஒரு மொழத்துக்கு எழுதிக்கீறாரு, நீ வெரக்கடை அளவு சொல்றியேடா. இனிமே நீ படிக்காத. நானே படிச்சிக்கிறேன்."

கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி மட்டும் அவருக்கு என்னை எழுத வைத்தாள். பிறகு ஒண்ணாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் வாங்கினாள். காலையும் மாலையும் பஸ்ஸில் கடை போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கினு போவாள். வடமாலபேட்டையில் உரக்கடை போர்டில் தினமும் மாட்டிக்கொள்வாள், கண்டக்டர் முடித்துவைப்பார். நான் பரீட்சைக்குப் படித்தவன். இப்படி ஒருத்தர் படித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் அந்தச் செய்தியைத் தனியாக உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், ஆனால் பேசவில்லை. பிறகு நோட்டில் கோணல்மாணலாகத் தெலுங்கில் எழுதி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"உனுக்குக் காதுதான் போச்சு. எனுக்குக் கண்ணு இருக்குது. எழுது, படிக்கிறேன்."

அடுத்த வாரம் அவரே வந்து நின்றார். சட்டைப் பையில் சித்தூரில் வாங்கிய தமிழ் எழுத்துப் புத்தகம்.

கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று பெரியவர்கள் மூன்று மாதம் பேசிக்கினு இருந்தார்கள். அதை நடத்திக்கொள்ள அவர்கள் இரண்டு பேருக்கும் ஆன செலவு, தெலுங்குப் புத்தகம் நாற்பதும் தமிழ்ப் புத்தகம் நாற்பத்தைந்தும் சேர்த்து, எண்பத்தைந்து ரூபாய்.