கண்ணாடி போட்ட வெந்நீர்

சூரியனிடம் ஓசியில் வேலை வாங்கப் போனவன் நான். மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் என்னைவிடப் பெரிய மடையன் எவனாவது இருந்தால் கொண்டுவந்து நிறுத்துங்கள், பட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை புருஷனை, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத பழைய கூலிவீட்டு லயத்தில் ஒளித்து வைத்திருந்தோம். அவர் காலில் ஒரு புண். மரவள்ளிக்கிழங்கு தின்று நாங்கள் எல்லாரும் இளைத்த காலத்தில் அந்தப் புண் மட்டும் செழிப்பாக வளர்ந்தது. தினமும் வெந்நீரில் கழுவ வேண்டும். ஆளில்லாத லயத்தில் புகை எழுந்தால் கூலிகளை மேய்க்கும் மண்டோர் மோப்பம் பிடித்துவிடுவார். லாரிக்கு ஆள் காட்டுகிறவர் அவர்தான்.

"வீட்டு அடுப்புலயே சுடவெச்சு, தூக்குச்சட்டியில ஊத்தி, மேல மரவள்ளி எலயப் போட்டு நானே கொண்டாரேன்" என்றாள் தங்கை.

"அது பள்ளம் தாண்டுறதுக்குள்ள ஆறிப்போயிரும். அடுப்பே வேணாம். ஜப்பான்காரன் கொடியில சூரியன வெச்சிருக்கான்ல? அவன் சூரியனையே நம்ம மாப்ளைக்கு வேலைக்கு வெக்கிறேன் பாரு."

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டுகள் சும்மா கிடந்தன. ஒன்றைத் தூக்கி வந்தேன். வெயிலைக் குடிக்கக் கறுப்பு வேண்டுமே என்று அடுப்புக்கரியைக் குழைத்து உள்ளே பூசி, தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தேன். மத்தியானம் அதில் கழுவிய கால் கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

"மச்சான், புண்ண ஆத்துறீங்களா, எனக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கிறீங்களா?" என்றார் அவர்.

பால் வெட்டுகிறவனுக்கு இதற்கா வழி தெரியாது? கரியை ரப்பர் பாலில் கலந்து தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டேன். கறுப்புத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. மேலே மூட, துரை பங்களாவின் உடைந்த ஜன்னலிலிருந்து கழன்று, மேட்டுச் சரிவில் கிடந்த ஒரு கண்ணாடி. அவர் இருந்த லயத்துக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் சாய்த்து வைத்தேன். உச்சிவெயிலில் விரலை விட்டால் வெடுக்கென்று இழுக்க வேண்டும், அவ்வளவு சூடு. புகை ஒரு நூல்கூட இல்லை. புண்ணின் ஓரம் சிவந்து, புதுத்தோல் கட்டத் தொடங்கியது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பட்டினியில் நிமிர்த்த மார்பு எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்.

கீழேயிருந்து பார்த்த எனக்கு அது வெறும் கண்ணாடி. மேட்டில் பங்களா இருந்தது. அங்கே சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அது பளீர் பளீரென்று கண்ணடித்திருக்கிறது! ஏரோப்ளேனுக்கு யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று துப்பாக்கியோடு இறங்கி வந்துவிட்டார்கள். மண்டோர் முன்னால் ஓடிவந்தார்.

பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்த நான், மண்வெட்டியோடு மண்வெட்டியாக நின்றேன். ஒரு சிப்பாய் கண்ணாடியை நகர்த்தி விரலை விட்டான். சூடு பட்டதும் கையை உதறிவிட்டுச் சிரித்தான். மற்றவனும் விட்டுப் பார்த்தான். அவனும் சிரித்தான், தலையை ஆட்டினான். என் வேலையை மெச்சியவர்கள் வாழ்நாளில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"யாரு வேல இது?" என்று அதட்டினார் மண்டோர். அவர் கண் என் பக்கம் திரும்பியது.

லயத்துக்குள்ளிருந்து நொண்டியபடி வெளியே வந்தார் தங்கை புருஷன். "நான்தான்யா செஞ்சேன். குளிக்கிறதுக்கு."

சைகை காட்டியதாக யாரும் அவரைச் சுடவில்லை. லாரிக்கு ஓர் ஆள் குறைந்திருந்தது, அவ்வளவுதான். கால் ஏறக்குறைய ஆறிவிட்டதால் யார் உதவியுமின்றி அவரே ஏறினார். அதுவும் என் வைத்தியம்தான்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அதில் ஒருவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து, அவரைத் தன் கையாலேயே புதைத்ததைச் சொல்லிவிட்டுப் போனார். தங்கை தலை முழுக எழுந்தாள். அவளுக்குக் காய்ச்சல், உடம்பு நடுங்கியது. வெளியே நல்ல வெயில்.

"தண்ணி சுடவெக்கட்டுமா தங்கச்சி?" என்றேன்.

"அடுப்புல வை."