தழும்பில்லாத கட்டைவிரல்

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எண்ணெய்ச்சட்டி என்பார்கள். இருபது வருடமாக ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தலைதான் வம்பு. காலையில் குளித்துவிட்டு வந்தால் பதினோரு மணிக்குள் முடியெல்லாம் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு மினுமினுக்கும். ஒரு சொட்டு எண்ணெய் வைக்காத தலை என்று சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை.

மினுக்கினால் மினுக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆஃப்செட் பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, ஒரு கெட்ட குணம்: பிசுக்கு பட்ட இடத்திலெல்லாம் மை ஒட்டிக்கொள்ளும். இவரோ யோசிக்கும்போதெல்லாம் தலையைக் கோதுகிறவர். கோதிய கையோடு பிளேட்டைத் தொட்டதில், ஒரு பள்ளிக்கூடத்தின் மூவாயிரம் மதிப்பெண் அட்டைகளில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை ஜம்மென்று அச்சாகிவிட்டது. யாருடையது என்று தேடவே வேண்டாம். அவருடைய கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு ஓடும், ரேகையிலும் ஓடியது.

முதலாளிக்கு முழு வழுக்கை. கோபம் வந்தால் அதைத் தடவிக்கொண்டேதான் கத்துவார்.

"இன்னொரு தடவை உன் ரேகை விழுந்துச்சு, நீ மிஷின் பக்கமே வரக்கூடாது. பைண்டிங்ல போய் பசை தடவு!"

சத்தத்தை வைத்தே எந்த உருளை மக்கர் பண்ணுகிறது என்று சொல்லக்கூடியவரைப் பசை தடவச் சொன்னால்? பாவம், அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் துணி சோப்பைப் போட்டுத் தலையைப் பிராண்டித் தள்ளினார். எரிச்சல் கண்டதுதான் மிச்சம். பியூட்டி பார்லரில் வேலை பார்க்கும் மச்சினி ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, அது தலையா, அடிப்பிடிச்ச பாத்திரமா? எண்ணெய் முடியிலேர்ந்து வரல, தோல்லேர்ந்து வருது. பிராண்டினா புண்ணுதான் ஆகும்."

ஒருநாள் விட்டு ஒருநாள் மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனியால் தோலில் மெதுவாகத் தேய்த்து நன்றாக அலசல், கண்டிஷனர் முடி நுனிக்கு மட்டும், வாரம் ஒருமுறை சீப்பையும் தலையணை உறையையும் கழுவித் துவைப்பது என்று அவள் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டார்.

"எல்லாத்தையும் விட முக்கியம், சும்மா சும்மா தலையில கை வைக்கக்கூடாது."

தொழில்காரர் அல்லவா, அதை இரண்டு கலரில் கெட்டி அட்டையில் அச்சடித்துக் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதில் 'நுனிக்கு மட்டும்' விட்டுப்போயிற்று. ஒரு வாரம் கண்டிஷனரை உச்சந்தலையில் அப்பிக்கொண்டு, மாடு நக்கியது போல அலைந்தார்.

"ஊரு பிழையெல்லாம் திருத்துவீங்க, உங்க தலைக்கு அடிச்ச அட்டையில பிழை பாக்கமாட்டீங்களா?" என்றாள் மனைவி.

அட்டைக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. யோசனை வந்தால் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மூன்றே வாரத்தில் முடி காற்றில் பறந்தது. பறக்கிறதா என்று பார்க்கவே மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்தார்.

அப்போதுதான் ஒரு காலண்டர் வேலை வந்தது. நம்பிக்கையில்லாத முதலாளி ஒருமுறை கத்தித் தீர்த்துவிட்டு, தானே பிளேட்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார். முதல் தாள் வெளியே வந்தது. மார்ச் மாதத்தின் நடுவில் ஒரு கட்டைவிரல்.

"போ, பைண்டிங்குக்குப் போ!" முதலாளி கத்தினார், வழுக்கையைத் தடவியபடியே.

இவர் போகவில்லை. லென்ஸை எடுத்து ரேகைமேல் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"முதலாளி, இதுல தழும்பு இல்லீங்க."

முதலாளியின் கை வழுக்கைமேலேயே நின்றுவிட்டது. மெல்ல இறக்கி, தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஒத்த முடி இல்லாத தலைய்யா இது. எண்ணெய் எங்கேர்ந்து வரும்?"

"முடியிலேர்ந்து வரல முதலாளி, தோல்லேர்ந்து வருது."

மறுநாள் முதலாளியின் அறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருந்தது. மூன்றாம் பதிப்பு. கண்டிஷனரையும் சீப்பையும் மட்டும் மரியாதையாக இவரே நீக்கியிருந்தார்.