துரைசானியின் ஆறு நிமிஷம்

மலாயாவில் ஜாசின் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில், ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுக்க ஒரு குளம் வெட்டியிருந்தார்கள். மாடுகூட இறங்காத அந்தக் குளத்தில் துரையின் புதுப் பெண்சாதி தினமும் காலையில் நீந்தினாள். கரையில் துவாலையும் கடிகாரமுமாக நின்றவள் நான்.

ரப்பர் விலை விழுந்து, லயத்து வீடுகளில் பாதி ஜனம் ஊருக்கே கப்பலேறிப் போன வருஷம் அது. என் வீட்டுக்காரரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்தருக்காவது சம்பளம் இருக்கட்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார். "ஆறு மாசந்தான் புள்ள, வெலை ஏறுனதும் ஓடி வந்துருவேன்" என்றார். ஒரு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. இடப்பக்கத்து வீடும் காலி, வலப்பக்கத்து வீடும் காலி. சட்டியைப் போட்டு உடைத்தால்கூட என்னடி சத்தம் என்று கேட்க ஆளில்லை. சில நாள் விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்வேனே, அன்றைக்கு நான் பேசின பேச்சே அவ்வளவுதான்.

மலாக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள் என்பதால் எனக்கு எண் தெரியும். கடிகாரம் பார்க்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று துரைசானி கேட்டதும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா என்னைப் புல்வெட்டிலிருந்து எடுத்து பங்களாவுக்கு அனுப்பினார். மிச்சமிருந்த பெண்கள் சும்மா விடுவார்களா? "ஏன்டி, அவ மீனாட்டம் நீந்துறா, நீ கொக்காட்டம் நிக்கிறியாமே!" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிகூட எனக்கு இனித்தது.

துரைசானி ஸ்காட்லாந்துக்காரி. அவளுக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறை மலாய். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசிக்கொண்டோம். நீந்தி முடித்துக் கரையேறியதும் ஜாம் தடவிய ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டுவாள். முதல் நாள் வாங்கக் கை வரவில்லை. "மாக்கான் லா, சாப்பிடு!" என்று அதட்டினாள். என்னை ஒருத்தி சாப்பிடச் சொல்லி எத்தனை மாதம் ஆகியிருந்தது!

ஒரு பிஸ்கட் டின்னில் படங்கள் வைத்திருந்தாள். சுவர் எழுப்பிக் கட்டிய நீச்சல் குளம், கறுப்பு உடையில் வரிசையாகப் பெண்கள். பன்னிரண்டு வயதில் தன் ஊரில் முதலாவதாக வந்தாளாம், பதினேழில் நாட்டிலேயே முதல். கடல் கடந்து நடந்த பெரிய பந்தயத்துக்கு அவளைத்தான் எடுத்திருந்தார்கள். கிளம்புகிற வாரம் காய்ச்சலில் விழுந்தாள். அவள் இடத்தில் போன பெண் பதக்கத்தோடு திரும்பினாள். படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தில் விரலை வைத்து, "இந்த ஆள் என்னை ஜெயிக்க இல்லே. சத்து காலி பூன் தாடா" என்றாள். ஒரு தடவைகூட இல்லையாம். அப்புறம் கல்யாணம், கப்பல், இந்த ரப்பர் காடு.

ஒரு நாள் அவளுக்கு நீச்சல் பழக்கிய கிழவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த பெரிய பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நானூற்று நாற்பது கெஜத்தை ஆறு நிமிஷத்துக்குள் நீந்த முடிந்தால் வா என்று எழுதியிருந்தார். துரை சிரித்தாராம். மாசி முடிவதற்குள் ஆறுக்குக் கீழே நீந்திக் காட்டு, கப்பல் டிக்கெட் எடுக்கிறேன் என்றாராம். கிராணி ஐயா அளவுச் சங்கிலி பிடித்து அளந்து, குளத்தின் இரண்டு பக்கமும் பலகை அடித்துக் கொடுத்தார். பலகைக்குப் பலகை பத்து நடை போனால் அந்தத் தூரம்.

முகத்தைத் தண்ணீரில் புதைத்து, கை மாற்றிக் கை வீசி வருவாள். மூச்சுக்கு மட்டும் வாயை ஒரு பக்கம் திருப்புவாள். பத்தாம் நடையில் என் காலடிப் பலகையைத் தொட்டதும் நான் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கி முள்ளை நிறுத்த வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெராப்பா?" என்று கேட்பாள். எவ்வளவு? ஆறு இருபது. ஆறு பன்னிரண்டு. ஆறு ஐந்து. குறையக் குறைய அவள் முகம் மலர்ந்தது. எனக்கோ வேறு கணக்கு ஓடியது. இவளும் கப்பலேறிவிட்டால்?

தை பிறந்து சில நாளில், பலகையை அவள் கை தொட்டபோது முள் ஐந்து ஐம்பத்தெட்டில் நின்றது. இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. நான் அமுக்கவில்லை. அவள் தலையை உதறி, காதிலிருந்த தண்ணீரைத் தட்டிக் கண்ணைத் திறப்பதற்குள் அமுக்கினேன்.

"பெராப்பா?"

"ஆறு ரெண்டுமா."

கடிகாரத்தை வாங்கிப் பார்த்தாள். முள் பொய் சொல்லுமா? அங்கேதான் நின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? அடுத்த நாளும் அமுக்காமல் நின்றேன், அதற்கடுத்த நாளும். ராத்திரி படுத்தால் அடி பாவி, அடி பாவி என்று மனசு திட்டும். விடிந்ததும் ரொட்டியின் ஞாபகம் வந்துவிடும்.

மாசியின் கடைசி நாள் அவள் நீந்திய மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தொட்டபோது ஐந்து ஐம்பத்திரண்டு. தண்ணீருக்குள்ளிருந்தே சிரித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குக் கிடைச்சுது! எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். அப்போதும் முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறு ஒன்றில் அமுக்கினேன்.

வெகு நேரம் கடிகாரத்தையே பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கை பொய் சொல்லுது" என்றாள். அன்றைக்கு ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

அப்புறம் அவள் குளத்துப் பக்கமே வரவில்லை. நீந்தாதவளுக்குக் கடிகாரக்காரி எதற்கு? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை நாலாம் நாளே சுட்டது. கிராணி ஐயா மறுபடியும் புல்வெட்டில் பெயரைப் போட்டார். பங்களா வாசலில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பது ரோட்டிலிருந்து தெரியும். இங்கே நான் ஒருத்தி, அங்கே அவள் ஒருத்தி. நடுவில் அந்தக் குளத்தில் பாசி படர்ந்தது.

மறு வருஷம் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாயிற்று. சாமான் லாரி முன்னே போக, பின்னால் வந்த காரை அவள் நிறுத்தினாள். ரோட்டோரம் சாங்கோல் மண்வெட்டியோடு புல் கொத்திக்கொண்டிருந்த என்னிடம் நடந்து வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என் மண் கையை விரித்து அந்தக் கடிகாரத்தை வைத்தாள்.

"வேற ஆள், பாவம் சொல்லி, நேரம் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். நீ காட்ட இல்லே. நீ நல்ல ஆள்."

சாயா தீப்பு. நான் ஏமாற்றினேன் என்பதற்கு மலாயில் இரண்டே வார்த்தை. இரண்டும் எனக்குத் தெரியும். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"தெரிமா காசே மா" என்று நன்றிதான் சொன்னேன்.

என் தோளைத் தட்டிவிட்டு ஏறிப் போனாள்.