அரை மணி நேர வேலை

கடலில் ஒருவன் செத்தால் உடனே விதி என்கிறீர்களே, கடைசியாக அவன் யாரைக் கூப்பிட்டான், ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்று ஒருமுறையாவது விசாரித்திருக்கிறீர்களா?

துறைமுக வாசலில் வயர்லெஸ் பழுது பார்ப்பவரை எல்லோரும் 'ஓவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயர்லெஸ்ஸில் பேசி முடித்ததும் சொல்லும் வார்த்தை அது. வீட்டிலும் அதே பேச்சு. "சாப்பிட வர்றீங்களா?" என்று மனைவி கேட்டால், "வர்றேன், ஓவர்" என்பார்.

ஒரு நாள் காலை விசைப்படகு ஓட்டுநர் ஒருவர் தன் வாக்கிடாக்கியை நீட்டினார். பேசுவதற்கு அமுக்கும் பொத்தான், விரலை எடுத்த பிறகும் எழும்பவில்லை. உள்ளே உப்பு இறுகியிருந்தது. புதுசு மாற்ற அரை மணி நேரம் ஆகும்.

"அதுக்கெல்லாம் நேரமில்லண்ணே. முதலாளி கத்துறாரு."

"அப்போ ரெண்டு தட்டு தட்டு, எந்திரிக்கும். உன் மச்சான் மாதிரிதான், அடிச்சாத்தான் வேலை செய்யும்."

இருவரும் சிரித்தார்கள். படகு போயிற்று.

மதியம் பொத்தான் மறுபடி ஒட்டிக்கொண்டது. கவனிக்காத ஓட்டுநர், கருவியை இருக்கையில் போட்டுவிட்டு வலை இழுக்கப் போய்விட்டார். ஒரு கருவி அமுங்கியே கிடந்தால் அந்த அலைவரிசையில் வேறு யார் பேசினாலும் கேட்காது. அவசரத்துக்கென்று எல்லாப் படகும் திறந்து வைத்திருந்த அலைவரிசை அது. நாற்பது நிமிடம் அதில் இன்ஜின் இரைச்சலும் யாரோ பாடும் சினிமாப் பாட்டும்தான். கடையில் உட்கார்ந்திருந்த ஓவருக்கு எந்தக் கருவி என்று புரிந்தது. "கச்சேரியைப் பாரு" என்று சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

அந்த நேரத்தில்தான் வேறொரு படகில் இருந்த அவருடைய சொந்தத் தம்பி மூழ்கிக்கொண்டிருந்தான். நீந்திப் பிழைத்த கூட்டாளி வந்து சொன்னார்: "கடைசி வரைக்கும் வயர்லெஸ்ல 'அண்ணே, கேக்குதா'ன்னு கேட்டுட்டே இருந்தான்."

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். ஓவர் ஒருவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "விதி இல்ல, உப்பு. நான் மாத்திக் கொடுத்திருக்கணும். புடிச்சு உட்கார வச்சாவது மாத்தியிருக்கணும்." விசாரணையில் ஓட்டுநருக்கு வேலை போயிற்று. அரை மணி நேரம் பொறுக்காத முதலாளியை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

படகேறுகிறவர்களே, கரையிலேயே பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டு விரலை எடுங்கள். அமுக்கும்போது கருவியில் எரியும் சிவப்பு விளக்கு அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால், யார் என்ன சொன்னாலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.