ஷிஃப்ட்டுக்காரர்களின் தீவு

ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது அந்த நூல் உருண்டை. சங்கராந்திக்கு தாபோடியின் மொட்டைமாடிகளில் ஏற்றும் பட்டங்கள் அறுந்து, மாஞ்சா நூல் காற்றோடு போய் ஆற்றின் நடுவே உள்ள சின்னத் தீவின் கருவேல மரங்களில் சிக்கிக்கொள்ளும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் என் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவித் தீவுக்குப் போய், கூடு கட்ட வரும் பறவைகளின் காலில் சிக்கக் கூடாதென்று, கிளை கிளையாக அந்த நூலைப் பிரித்தெடுத்துச் சுற்றுவார். கண்ணாடித்தூள் தடவிய நூல். விரல்களில் கீறல் விழும். வீட்டுக்கு வந்து புளி கரைக்கும்போதுதான் எரிச்சல் தெரியும். "இன்னா எரிச்சல்டா சாமி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அண்ணி வேலூர்ப் பக்கம். பதினேழு வயதில் கல்யாணமாகி, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அண்ணனோடு இந்த மராட்டி ஊருக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. அண்ணன் போன பிறகு எங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார். அதே தொழிற்சாலையின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. பெட்டிகளையும் ஆணிகளையும் எண்ணி எண்ணி, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. மாடிப்படி, பஸ் ஜன்னல், தட்டிலிருக்கும் இட்லி, எதையும் விடுவதில்லை. அதோடு கவலைப்படுகிற பழக்கமும். அண்ணி ஆற்றில் இறங்கினால் அணையைத் திறந்துவிடுவார்களோ, பாசியில் வழுக்குமோ, சாக்கடைத் தண்ணீரில் காய்ச்சல் வருமோ என்று கரையில் நின்றபடி குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

தீவில் கூடு கட்டியவை பெரும்பாலும் வக்காக்கள். பகலெல்லாம் தோளுக்குள் கழுத்தைச் செருகிக்கொண்டு தூங்கிவிட்டு, சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கிளம்பி, 'வக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இரைக்குப் போகும் பறவைகள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பாலத்தின் மேல் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அண்ணி அவற்றைக் கவனித்தார். "பாருங்க தம்பி, பகல்ல தூங்கிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குப் போவுதுங்க. உங்க அண்ணன் மாதிரியே மூஞ்சிய உம்முனு வெச்சிகினு." அன்றிலிருந்து அவை எங்கள் வீட்டில் ஷிஃப்ட்டுக்காரர்கள். அண்ணன் இறந்து அது இரண்டாவது வருஷம். அண்ணி அவரைப் பற்றிச் சிரித்துப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணியிடம் ஒரு சட்டம் இருந்தது. பறவைகள் கூட்டுக்கு முதல் குச்சியை வைத்துவிட்டால் அது அவர்கள் வீடு, அதற்குமேல் யாரும் தீவில் கால் வைக்கக் கூடாது, நாங்கள் உட்பட. பிறகு மழைக்காலம் முழுக்கக் கரையிலிருந்து பார்ப்பதுதான். நான் கூடுகளை எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் ஒரு பறவை இடம் மாறும், மறுபடி ஆரம்பிப்பேன். "எண்ணிகினே இருங்க, அதுங்க பேரன் பேத்தி எடுத்துடும்" என்பார். அதிகபட்சமாக நாற்பத்தொரு கூடுகள் எண்ணியிருக்கிறேன். விறகு வெட்ட வருகிறவர்களையும் முட்டை எடுக்க வருகிறவர்களையும் துரத்துவது அவர் பொறுப்பு. அதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் மராட்டி. காய்கறிக்காரியிடமும் ரேஷன் கடையிலும் கற்ற மராட்டி. இலக்கணம் கிடையாது, ஆனால் காரம் உண்டு. கரையில் நின்று அவர் போடும் சத்தத்தில் கோடரியோடு வந்தவன் "ஜாதோ மாவ்ஷி, ஜாதோ" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். போகிறேன் சித்தி என்று அர்த்தம். எனக்குக் கணக்கும் ஆங்கிலமும் தெரிந்து என்ன பிரயோஜனம்? என் சத்தத்துக்கு ஒருவனும் போனதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி வந்தது. வடிந்தபோது தீவின் புதர் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள் தொங்கின. பூஜைப் பூக்களைப் பையோடு ஆற்றில் எறிகிறார்களே, அந்தப் பைகள், தெர்மகோல், கிழிந்த வலை. அடுத்த கோடையில் அண்ணியின் முட்டி வீங்கியிருந்தது, எனக்கு ரத்தக் கொதிப்பு. இரண்டு நாள் போய்ப் பார்த்தோம். ஒரு மூலைகூடத் தீரவில்லை. "ஆபீஸ்ல சொல்லிடலாம் தம்பி" என்றார்.

வார்டு ஆபீஸில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். இளவயது. அண்ணி உட்காருவதற்குத் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். அண்ணி சொன்னார்: "சகளம் பேட் சாஃப் கரா." பேட் என்றால் தீவு. தீவு முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். பக்கத்தில் நின்ற எனக்கு அது மிகச் சரியான வாக்கியமாகப் பட்டது. எங்கள் வீட்டுத் தமிழில் 'சாஃப் பண்றது' என்றால் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல்லைப் பொறுக்குவது. கல் போகும், அரிசி இருக்கும். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று நினைக்க எங்களுக்குக் காரணமே இல்லை. "காள்ஜி கரூ நகா, மாவ்ஷி. மழைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன்" என்றார் அதிகாரி, கவலைப்படாதீர்கள் என்று. வாரங்கள் போயின. ஆபீஸ் சமாச்சாரம் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போயிற்று. பறவைகள் மழைக்குக் காத்திருக்கவில்லை. ஜூனில் கூடுகள் நிறைந்துவிட்டன, தலையில் பஞ்சு சிலிர்த்த குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. ஒரு காலை அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் அதிகாரி வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரின் சந்தோஷம். "சலா மாவ்ஷி, வந்து பாருங்கள்" என்று தன் ஜீப்பிலேயே எங்களை அழைத்துப் போனார்.

கரையில் இறங்கி, கையை நீட்டிக் காட்டினார். "பகா மாவ்ஷி, ஏக்தம் சாஃப்!" பாருங்கள் சித்தி, அடியோடு சுத்தம்.

தீவில் ஒன்றும் இல்லை. மழைக்கு முன் ஓடைகளைத் தூர்வாரும் இயந்திரம் ஒன்று ஓரமாக நின்றது. மழை நேரத்துக்கு வந்திருந்தால் அது ஆற்றைக் கடந்திருக்கவே முடியாது. பிளாஸ்டிக்கும் கருவேலமும் கூடுகளும் ஒரே குவியலாகக் கிடந்தன. மேலே பறவைகள் சுற்றிக்கொண்டிருந்தன, பகல் வெளிச்சத்தில், தூங்க வேண்டிய நேரத்தில். அத்தனையும் ஒரே சமயத்தில் கத்தின.

அந்த மனிதரை என்ன சொல்வது? கேட்டதைச் செய்துவிட்டு, பாராட்டுக்காகச் சிறு சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, வெயில்ல நிக்கறாரு. வீட்டாண்ட கூட்டிகினு போயி அவருக்குத் தண்ணி குடுங்க" என்றார். ஆற்றில் இறங்கி, கல்லுக்குக் கல் தாண்டிக் குவியலுக்குப் போனார். முட்டி வலிக்காக ஒரு கல்லிலும் நிற்கவில்லை.

உயிரோடு ஆறு குஞ்சுகள் கிடைத்தன. முறத்தில் வைத்து எடுத்து வந்தார். சந்தையில் சின்ன மீன் வாங்கி, நசுக்கி, வாயைப் பிரித்து ஊட்டினார். நான்காம் நாள் முறம் காலியாகிவிட்டது. மறுவருஷம் கருவேலம் துளிர்த்தது. பறவைகள் வரவில்லை. ஆகஸ்ட் வரைக்கும் நான் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றுவேன். அண்ணி கேட்க மாட்டார்.

அதன் பிறகு அண்ணி மராட்டி பேசவில்லை. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. காய்கறிக்காரி வந்தால் உள்ளே போய்விடுவார். கேஸ்காரன் கேள்வி கேட்டால் என்னைப் பார்ப்பார். "நீங்களே பேசுங்க தம்பி, எனக்கு ஒழுங்கா வராது." முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊர் வாயை அடைத்தவர். நான் கோபித்துக்கூடப் பார்த்தேன். "அது உங்க தப்பு இல்ல அண்ணி, ஒரு வார்த்தைதானே" என்றேன். "ஒரு வார்த்தைதான்" என்றார்.

நான் ஓய்வு பெற்றதும் வானவடியில் என் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு எல்லோரும் வந்தோம். எட்டாவது மாடி. கீழே வரிசையாக ஸ்கூட்டர்கள். அங்கேயிருந்துதான் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடைசி வாரத்தில் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் கட்டில் விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் குனிந்து, அன்பாகத்தான், கேட்டாள்: "ஆஜி, பேட் சாஃப் கரூ கா?"

பாட்டி, கட்டிலைச் சுத்தம் செய்யட்டுமா என்றுதான் கேட்டாள். மராட்டிக்காரர் வாயில் கட்டிலுக்கும் தீவுக்கும் கடைசி எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். எங்கள் காதுக்கு அதுவும் கிடையாது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "வேணாம்னு சொல்லுங்க தம்பி. குஞ்சு கீதுன்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"அசூ தே, சிஸ்டர்" என்றேன். இருக்கட்டும், விட்டுவிடுங்கள். பிடி தளரவில்லை. "பில்லம் ஆஹேத்" என்றேன். குஞ்சுகள் இருக்கின்றன.

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தூக்கிய விரிப்பின் நுனியைச் சத்தமில்லாமல் கீழே விட்டாள்.