லெஃப்டா, ரைட்டா?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது, குளிக்கையில் அது கண்ணில் பட்டது. என் இடது விதை வலதைவிடக் கீழே தொங்கியது. பெரிய கோளாறு, கல்யாணத்தையே நிறுத்த வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அடையாறில் ஒரு டாக்டரிடம் போய், சொல்ல வாய் வராமல் "வயிற்று வலி" என்றேன். வாயு மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். விதை ஏறவில்லை.

பிறகு கல்யாணப் பேன்ட் தைக்க ராயப்பேட்டை போனேன். தையல்கார பாய் இடுப்பை அளந்துவிட்டு, "லெஃப்டா, ரைட்டா?" என்றார்.

"ரைட் ஹேண்ட்தான் பாய்."

"கையை யாரு நைனா கேட்டா? கீழ எந்தப் பக்கம் எறங்கிக்கினு கீது? அந்தப் பக்கம் துணிய கொஞ்சம் தாராளமா வெட்டணும்."

"எல்லாருக்குமா அப்படி?"

"ரெண்டு பக்கமும் சமமா கீறவனுக்கு நான் இன்னும் ஒரு பேன்ட்கூட தைக்கல."

கடையில் காத்திருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்க்கும்படி, "லெஃப்ட் பாய்" என்றேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு ஒரு பட்டை மாத்திரையைத் தின்றிருக்கிறேன். திங்களன்று அதே டாக்டரிடம் போகிறேன். வலி, வீக்கம், கட்டி எதுவும் இல்லாவிட்டால் கவலையில்லையா என்று கேட்க வேண்டும். இந்த முறை வயிற்றைத் தொடாமல், "விதை" என்றே ஆரம்பிப்பதாக உத்தேசம்.