பைகள் வெளியே

அன்பாகக் கண்டிப்பது எப்படி என்று சொல்லித் தர வவுனியாவில் ஒரு விடுதியில் எங்களுக்குக் கருத்தரங்கு வைத்தார்கள். பாடசாலையில் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியை என்று அதிபர் என்னை அனுப்பினார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்ததற்கு ஒரே காரணம் என் தொண்டை. நான் வகுப்பில் கத்தினால் விசுவமடுச் சந்தியில் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

கருத்தரங்கை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் பஞ்சு போலப் பேசினார். "கண்களை மூடுங்கள். நீங்கள் மிகவும் பாதுகாப்பாக உணர்ந்த ஓர் இடத்தை மனதில் கொண்டு வாருங்கள்" என்றார். மூடினோம். பக்கத்துக் கதிரையில் என்னோடு ஒன்றாகப் படித்த ஓர் ஆசிரியை. என் காதுக்குள் குனிந்து, "எனக்குச் சண்டை நேரம் ஒளிச்சிருந்த பங்கர்தான் வருது, என்னடி செய்யிறது?" என்றாள். எனக்கும் அதுதான் வந்திருந்தது. வளவாளர் ஒவ்வொருவராகக் கேட்டபோது நான் கடற்கரை என்றேன், அவள் கோயில் என்றாள். அவர் இருவரையும் பாராட்டினார். மத்தியானச் சாப்பாடும் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் அதிபர் பிரம்பைக் கையில் பிடித்தபடியே, இனி இந்தப் பாடசாலையில் பிரம்பு இல்லை என்று அறிவித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஆரும் பிள்ளையளுக்கு அடிச்சதெண்டு கேள்விப்பட்டனோ, பிறகு தெரியுந்தானே!" என்று அதே பிரம்பை ஆட்டினார். அன்பு அன்றே அமுலுக்கு வந்தது.

கருத்தரங்கில் சொன்னபடி நூலகத்தில் ஓர் அமைதி மூலையும் வைத்தோம். ஒரு பாய், ஒரு தலையணை, பிளாஸ்டிக் பூச்சாடி. மனம் குழம்பிய பிள்ளை தானாக வந்து கொஞ்ச நேரம் இருந்து ஆறிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கிழமை போகவில்லை, "இன்னொருக்கா வாய் காட்டினாய் எண்டால் அமைதி மூலைதான்!" என்று வகுப்புக்கு வகுப்பு கேட்கத் தொடங்கியது. அதிகம் கேட்டது என் வகுப்பில். பிரம்புக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தப் பூச்சாடிக்குப் பயந்தார்கள்.

இந்தச் சீரில்தான் தவணைப் பரீட்சை வந்தது. பரீட்சை என்றால் எங்கள் முதல் கட்டளை, "பையள் வெளியில!" என்பது. பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை எப்போதும் இரண்டு பைகளோடு வருவாள். புத்தகப் பையை வெளியே வைத்தாள். மற்றது வெளிறிப்போன ஒரு நீலப் பை. அதை வைக்கமாட்டேன் என்று மடியில் அணைத்துக்கொண்டாள். விஞ்ஞான ஆசிரியர் பிடித்து இழுத்தார். அவள் அவருடைய கையைக் கடித்துவிட்டாள். சாதாரணக் கடி அல்ல, இரத்தம் வந்தது.

அதிபர், கையில் கட்டோடு விஞ்ஞான ஆசிரியர், நான் என்று விசாரணைக் குழு கூடியது. முடிவு கூடும்போதே தயாராக இருந்தது. விடுகைப் பத்திரம் கொடுத்துப் பாடசாலையை விட்டு அனுப்புவது. பதினோராம் வகுப்பின் அரசாங்கப் பரீட்சையான சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. இந்த நேரத்தில் வெளியே போகிற பிள்ளை வேறு பாடசாலைக்குப் போவதில்லை, ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடும் என்று எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த முடிவோடுதான் இருந்தோம்.

தாயைக் கூப்பிட்டிருந்தோம். கச்சான் தோட்டத்திலிருந்து கை கழுவாமல் ஓடி வந்திருந்தார்.

"குறை நினையாதேங்கோ சேர். கடைசிச் சண்டையில ஓடேக்க இவளுக்கு ரெண்டு வயசு. பத்திரங்கள் இருந்த பையை ஒரு மரத்தடியில விட்டிட்டு வந்திட்டம். நான்தான் விட்டனான். இவளின்ர அப்பா, இதில நில்லுங்கோ, நான் கொண்டு வாறன் எண்டு திரும்பிப் போனவர்." கை மண்ணைச் சேலையில் துடைத்தார். "போனவர்தான். இவளுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. பையை விடாதை, பையை விடாதை எண்டு நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தனான்."

விஞ்ஞான ஆசிரியர் கைக்கட்டைத் தடவிக்கொண்டு, "எங்கட வீட்டில அலுமாரிக்கு மேல இருக்கு" என்றார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. "என்ர மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ள" என்றார் அதிபர். என்னுடைய பை அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. திரும்ப ஓட வேண்டி வந்தால் என்று பத்திரங்கள், ஒரு மாற்று உடுப்பு, ஒரு பிஸ்கட் பைக்கற். நமுத்துப்போகுமுன் பிஸ்கட்டைத் தேநீரோடு தின்றுவிட்டுப் புதிது வைப்பேன். பையை விடாத குற்றத்தை விசாரிக்கக் கூடிய குழுவில் பை இல்லாத ஆளே இல்லை.

விடுகைப் பத்திரக் கதை அதோடு நின்றது. ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு வேறு பாடசாலைகளிலிருந்து வரும் மேற்பார்வையாளர்கள் எங்கள் அலுமாரிகளைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. பையோடு உள்ளே விடமாட்டார்கள். அவள் அதை விட்டிருக்கப் பழக வேண்டும். மிச்சத் தவணைப் பாடங்களில் பழக்கினோம். முதலில் பை பக்கத்துக் கதிரையில் இருந்தது. பிறகு யன்னல் விளிம்பில். கடைசிப் பாடமான கணிதத்தன்று அதிபர் தானே வந்து கையை நீட்டினார்.

"என்ர மேசையில இருக்கட்டும் பிள்ளை. ஏதுமெண்டால் நானே கொண்டு வாறன்."

எனக்கு அவருடைய வாயைப் பொத்தலாம் போல இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒருவரின் கதையைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையைக் கொடுத்தாள்.

பாதிப் பரீட்சையில் வெளியே பெரிய வெடிச் சத்தம். அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், பிள்ளைகள் எல்லோரும் கதிரைகளில் இருந்தபடியே என்னை வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த நாட்களில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் அவர்கள். ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியை சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

மைதானத்தைக் குறுக்கறுத்து அதிபர் ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. நீலப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். "பிள்ளை! பிள்ளை!" என்று கத்தியபடி உள்ளே வந்து, அவளுடைய விடைத்தாளுக்கு மேலேயே பையை வைத்தார். மூச்சு வாங்கியது.

அவள் எழுந்து நின்றாள். "டயர் சேர். றோட்டில மண் டிப்பரின்ர டயர் வெடிச்சது."

"ஓமோ?"

"ஓம் சேர்."

பின்வாங்கில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. யன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அமைதி மூலை நினைவுக்கே வரவில்லை.

சில வாரங்களில் கருத்தரங்குக்காரர்கள் பலன் பார்க்க வந்தார்கள். அமைதி மூலையைப் படம் எடுத்தார்கள். பாய் புதிது போலவே இருக்கிறதே என்று மகிழ்ந்தார்கள்.

சாதாரண தரப் பரீட்சை எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. முதல் நாள் காலை அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள். அதிபர் இன்னும் வந்திருக்கவில்லை. வெறும் மேசையில் பையை வைத்துவிட்டுப் பேனையோடு வெளியே வந்தாள்.

"பயமில்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர்" என்றாள். "சேர் கொண்டு வருவார்."